பாதிப் பேச்சுக்கு எரிந்த மலை

காலையில் லாண்டரிக்காரர் குழாயைத் திறந்தார். குழாய் இருமியது. கொஞ்சம் காற்றை விட்டது, கொஞ்சம் துருவைத் துப்பியது, பிறகு ஜலதோஷம் பிடித்தவன் மூக்கைப் போல ஒழுக ஆரம்பித்தது. பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அந்த ஒழுகலை நம்பித் துவைப்பதென்றால், இப்போது படுத்திருக்கும் நோயாளிகளின் பேரப்பிள்ளைகள் நோயாளியாகி வரும்போதுதான் விரிப்பு தயாராகும்.

ஏன் தண்ணீர் வரவில்லை என்பது லாண்டரிக்காரருக்குத் தெரியும். தெரியும் என்று அவர் நினைத்தார். காரணத்துக்கு மீசை இருந்தது, காக்கிக் கால்சட்டை இருந்தது. அது அவர் மனைவியின் கூடப் பிறந்த தம்பியாகவும் இருந்தது.

"உன் தம்பி வேலையைக் காட்டிட்டான்" என்றார்.

மனைவி இஸ்திரி மேஜையிலிருந்து தலை நிமிரவில்லை. "அவன் வேலையைக் காட்டினா மாசம் பொறந்தா சம்பளம் வருது. நீங்க வாயைக் காட்டுறீங்களே, அதுக்கு யாரு குடுக்கிறா?"

தம்பிக்கு ஊரில் வால்வுக்காரர் என்று பெயர். மலையடிவாரத்தில் இருக்கும் வடிகட்டி நிலையம் அவர் பொறுப்பு. மலை ஓடையிலிருந்து அணைக்கு வரும் தண்ணீரை மணல் தொட்டிகளில் வடிகட்டி, எந்தத் தெருவுக்கு எப்போது திறந்து விடுவது என்பதெல்லாம் அவர் கையில். மனிதர் நல்லவர் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் தன் நெற்றி வியர்வையில் ஊறி வருவதாகவே அவருக்கு நினைப்பு. யாராவது புகார் சொல்லப் போனால், "மேகத்துகிட்ட போய் எழுதிக் குடுங்க" என்று கதவைச் சாத்துவார். லாண்டரியில் திருட்டுக் குழாய் இருக்கிறது என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை. ஒருநாள் கடப்பாரையோடு வந்து லாண்டரித் தரையைப் பெயர்த்துப் பார்த்தார். குழாய் இல்லை. "ஆழமாப் போட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர்த்த தரையை மூடவும் இல்லை.

அன்றிலிருந்து மாமாவும் மைத்துனரும் எதிரெதிரே வந்தால் தெரு அகலமாகிவிடும். ஒரு தடவை இருவரும் வேறு வேறு பக்கம் ஒதுங்கியதில் இடையில் ஒரு லாரி தாராளமாகத் திரும்பிப் போனது. குடும்ப விசேஷங்களில் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவார்கள். இதைப் பார்த்த மனைவி, "உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா மெஷின்ல போட்டு, சோடா தூக்கலா விட்டு, ஒரு நாள் முழுக்கச் சுத்தணும்" என்று சொல்லிப் பார்த்தார். தண்ணீர் இல்லாததால் அதுவும் நடக்கவில்லை.

இந்தப் பகைக்கு வேர் ஊரில் இல்லை, மலையில் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் மலைக்காடு தீப்பிடித்து எரிந்தது. சின்னத் தீ அல்ல. ஒரு வாரம் ஊரில் யாரும் விளக்குப் போடவில்லை. கஞ்சர் ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போய், மாசக் கடைசி வரைக்கும் இதை இப்படியே வைத்திருக்க முடியுமா என்று விசாரித்துவிட்டு வந்தார். தாத்தாவுக்குத் தாத்தா காலத்து மரங்கள் எல்லாம் நின்றபடியே கரியாயின.

அடுத்து வந்த முதல் மழையில் குழாயில் சாம்பல் தண்ணீர் வந்தது. ஊர் முகம் கழுவி மேலும் கறுத்தது. அது அந்த ஒரு பருவம்தான். அதற்கப்புறம் வந்த தண்ணீரைத்தான் சொல்ல வேண்டும். குடிக்க மரம் இல்லாத மலையில் பெய்த மழை, தங்க இடமில்லாத விருந்தாளி மாதிரி நேராக இறங்கி ஓடைக்கு வந்துவிட்டது. ஓடையின் வேகத்தில் மீன்களால் வளைவுகளில் திரும்ப முடியவில்லை. நேரே போய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்தன. நம்பாதவர்கள் மீன்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. நகரத் தலைவர் நாற்சந்தியில் கலர் விளக்கோடு நீரூற்று கட்டி, அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். வாசல் தெளித்த தண்ணீரில் நாய்கள் நீந்தின. லாண்டரிக்காரர் இருந்த மெஷின்கள் போதாதென்று புதிதாக வாங்கி, ஆஸ்பத்திரி வேலையையும் ஓட்டல் வேலையையும் சேர்த்துப் பிடித்தார். "தீப்பிடிச்சது நல்லதாப் போச்சு" என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்களில் வால்வுக்காரரும் ஒருவர். அணை நிரம்பியதற்குத் தன் திறமைதான் காரணம் என்று மட்டும் கூடச் சேர்த்துச் சொன்னார்.

மலை சும்மா இருக்குமா? சாம்பலுக்குள்ளிருந்து கன்றுகள் கிளம்பின. காலை நேரத்து பஸ்ஸில் ஆட்கள் நிற்பது போல ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பார்க்கிறவர்களுக்கு அழகான பச்சை. பச்சை ஏற ஏற ஓடை இளைத்தது. மழையில் குறைவில்லை. அது எந்த வருஷமும் பெய்கிற அளவுக்குப் பெய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அணையில் பழைய படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வெயில் காய்ந்தன. நீரூற்று முதலில் விக்கியது, பிறகு மௌன விரதம் எடுத்தது.

மழை பெய்கிறது, தண்ணீர் இல்லை. அப்படியானால் எவனோ திருடுகிறான். இந்த முடிவுக்கு ஊர் வருவதற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. மேட்டுத் தெரு பள்ளத் தெருவைச் சொன்னது. பள்ளத் தெரு மேட்டுத் தெருவின் குழாயைக் கல்லால் நசுக்கியது. எல்லோரையும் வாய் கொப்பளிக்கச் சொல்கிறார் என்று பல் டாக்டர் மேல் கண் டாக்டருக்குச் சந்தேகம். லாண்டரிக்காரர் வால்வுக்காரரைச் சொன்னார். வால்வுக்காரர் கடப்பாரை எடுத்தார். அது முன்பே சொன்ன கதை.

கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு பெண் பொறியாளரை அனுப்பினார்கள். நகர மண்டபத்தில் கூட்டம். அவர் மலையை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எடுத்த எடுப்பிலேயே, "தண்ணியை யாரும் திருடல" என்றார். கூட்டத்துக்கு அதுவே பிடிக்கவில்லை. திருடன் இல்லையென்றால் யாரைத் திட்டுவது?

அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த மலையில் இருக்கும் வகை மரம், முதிர்ந்துவிட்டால் கொஞ்சமாகத்தான் தண்ணீர் குடிக்கும். கன்றுகள் அப்படியல்ல. வீட்டில் பெரியவர்கள் கால் வயிற்றுக்குக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த இடத்தில் வளரும் பிள்ளைகள் ஒரு கூட்டமாகப் பந்தியில் உட்கார்ந்தால் பானை என்னவாகும்? எரிந்த காடு மறுபடி வளரும்போது ஓடைக்கு வர வேண்டிய தண்ணீரைக் குடித்துத்தான் வளரும். தீ முடிந்ததும் கூடுதலாக வந்ததே, அது மரம் இல்லாததால் வந்தது. இப்போது குறைகிறதே, அது மரம் வளர்வதால்.

"அப்போ மரம்தான் திருடன்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "விலங்கை எந்தக் கிளையில மாட்டுறது, மேடம்?"

மண்டபம் சிரித்தது. விசில் பறந்தது. லாண்டரிக்காரர் எழுந்து நின்று, படித்தவர்கள் தன் மைத்துனரைக் காப்பாற்ற வந்திருப்பதாக முழங்கினார். மைத்துனர் எழுந்து நின்று, படித்தவர்கள் லாண்டரியைக் காப்பாற்ற வந்திருப்பதாக முழங்கினார். அவர்கள் இருவரும் ஒரே கட்சியில் நின்றது அன்றைக்குத்தான். பேச்சு நீரூற்றுப் பக்கம் போய்விடுமோ என்று பயந்த தலைவர், ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லி ஜாடை காட்டினார். எல்லோரும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வெளியேறினார்கள். அந்தப் பெண் நிறுத்தவில்லை. சொல்ல வந்ததில் மீதிப் பாதியைக் காலி நாற்காலிகளிடம் சொல்லி முடித்தார். நாற்காலிகள் விசில் அடிக்கவில்லை. அந்த மட்டுக்கு அவை மேல்.

கேலி செய்துவிட்டு வந்த விஷயம் சில சமயம் முள் மாதிரி உள்ளே தங்கிவிடும். லாண்டரிக்காரருக்குத் தங்கிவிட்டது. ஓட்டல் வேலை கைவிட்டுப் போனது. புது மெஷின்களில் சிலந்தி குடித்தனம் வைத்தது. ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ், இன்னொரு முறை விரிப்பு தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். லாண்டரிக்காரர் உட்கார்ந்து யோசித்தார். காடு எரிந்தது, தண்ணீர் வந்தது. காடு வளர்ந்தது, தண்ணீர் போனது. ஆகவே காடு மறுபடி எரிந்தால்? கணக்கு அப்பழுக்கில்லாமல் வந்தது. இவ்வளவு அழகாகக் கணக்கு வரும்போது ஒரு மனிதன் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். அவர் தீப்பெட்டி வாங்கினார்.

காற்றில்லாத ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு மலைக்குப் போனார். ஓடைக்கு மேலே இருந்த சரிவில், ஒரு மூலையை மட்டும் கொளுத்துவதாகத் திட்டம். தீக்கு மூலை, முடுக்கு என்ற பாகுபாடெல்லாம் கிடையாது என்பது அவருக்கு டப்பாவைத் திறப்பதற்குள் தெரிந்துவிட்டது. சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் ஓடிய வேகத்தில் நிழல் பின்தங்கிவிட்டது, சாயங்காலம்தான் வீடு வந்து சேர்ந்தது என்பார்கள். தீயணைப்பு ஆட்கள் அணைத்து முடிப்பதற்குள் ஓடைக்கு இரண்டு பக்கச் சரிவும் போயிருந்தன. யாரோ சுற்றுலா வந்தவன் சிகரெட்டைப் போட்டிருப்பான் என்று ஊர் பேசியது. லாண்டரிக்காரர் அந்தச் சுற்றுலாக்காரனை எல்லோரையும்விடக் கூடுதலாகத் திட்டினார்.

சரியாக ஒரு மழைக்குத்தான் அவர் சந்தோஷம் நீடித்தது. முதல் தூறலுக்கு ஓடை கொஞ்சம் பெருத்தது. மார்தட்டிக்கொள்ள முடியாமல் மனதுக்குள் தட்டிக்கொண்டார். அடுத்து வந்தது பெருமழை. சரிவில் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய வேர்கள் முதல் தீயிலேயே செத்து, மட்கிப் போயிருந்தன. புதிதாகப் பிடிக்க ஆரம்பித்த இளவேர்களை இவர் கொளுத்திவிட்டார். எரிந்த மண்ணோ தண்ணீரை உள்ளே விடாது. ஆகவே அன்றைக்கு ஓடையில் தண்ணீர் வரவில்லை, மலை வந்தது. சாம்பலும் சேறும் கரிக்கட்டையுமாக அணையின் வாய் அடைந்தது. வடிகட்டித் தொட்டிகளில் மணலுக்கு மேல் சேறு நின்றது. குழாயில் வந்ததை ஒருவர் பாட்டிலில் பிடித்துப் பேனாவுக்கு ஊற்றிக் கடிதம் எழுதினார். எழுத்து நன்றாகவே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைகளைத் தள்ளி வைத்தார்கள். லாண்டரிக்காரர் திரும்பத் திரும்பத் துவைத்தும் விரிப்புகள் எலி நிறத்திலேயே நின்றன. தலைமை நர்ஸ் ஒரு விரிப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "புண்ணோட படுத்திருக்கிறவங்க மேல இதைப் போர்த்தச் சொல்றீங்களா? உங்க வீட்டு ஆளா இருந்தா போர்த்துவீங்களா?" என்று கேட்டார். லாண்டரிக்காரர் விரிப்பை வாங்கி மடித்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல், வெட்கத்தை விட்டு, ஒரு டாங்கர் நல்ல தண்ணீர் கேட்பதற்காக வடிகட்டி நிலையத்துக்குப் போனார். வால்வுக்காரர் தொட்டிக்குள் இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார். படுத்துத் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. மீசை எது, சேறு எது என்று தெரியவில்லை.

"என்ன மாமா, வேடிக்கை பார்க்க வந்தீங்களா?"

"விரிப்பு துவைக்கத் தண்ணி வேணும், மாப்ளே."

"ஊறுற தண்ணி ஆஸ்பத்திரிக்குக் குடிக்கவே பத்தல. உங்களுக்கு ஒரு சொட்டு கிடையாது. எந்தப் பாவி கொளுத்தினானோ தெரியல. அவன் மட்டும் கையில கிடைச்சான்னா இந்தச் சேத்துலயே நட்டு வெச்சிருவேன். போங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க."

லாண்டரிக்காரர் வெளிச்சத்தை மறைக்காமல் திரும்பிவிட்டார்.

சேறு வந்தால் குற்றவாளியும் வர வேண்டும் என்பது ஊர் நியதி. தலைவர் யோசித்தார். நீரூற்றைப் பற்றி யாரும் பேசுவதற்கு முன்னால் வேறு யாரையாவது பற்றிப் பேச வைக்க வேண்டும். தொட்டிகளை வால்வுக்காரர் சரியாகக் கழுவி வைக்கவில்லை, அதனால்தான் கறுப்புத் தண்ணீர் என்று ஒரு குற்றச்சாட்டு தயாரானது. நிரூபணமானால் வேலை போகும், நிலையத்துக்குள் இருக்கும் வீடும் போகும். சாட்சி வேண்டும். மைத்துனரைப் பற்றி எட்டூருக்குக் கேட்கத் திட்டியவர் ஒருவர் கைவசம் இருந்தார். தலைவரே லாண்டரிக்கு வந்தார். மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நாலு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அணை தெளிந்ததும் லாண்டரிக்குத் தனி இணைப்பு தருவதாகவும் சொன்னார். லாண்டரிக்காரர் மாட்டேன் என்று சொல்லவில்லை.

தலைவர் போனதும் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அன்னைக்கு மலையிலேர்ந்து வந்தீங்களே, சட்டையில புகை. ரெண்டு தண்ணி அலசினேன், போகல. லாண்டரிக்காரன் பொண்டாட்டிகிட்ட எதை வேணா மறைக்கலாம், சட்டையை மறைக்க முடியாது."

"ஏன் இவ்வளவு நாள் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். என் தம்பி திமிர் பிடிச்சவன்தான். அதுக்காக உங்க தீயை அவன் தலையில கட்டுவீங்களா? கட்டிட்டு வந்தீங்கன்னா இந்த வீட்டுல உங்க துணியை நீங்களே துவைச்சுக்குங்க. நான் இருக்க மாட்டேன்."

மண்டபம் நிரம்பி வழிந்தது. குளிக்காத ஊர் மொத்தமும் ஓர் அறையில் சேர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கொசுக்கள் உள்ளே வந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டன. வால்வுக்காரரை முன்னால் நிற்க வைத்திருந்தார்கள். சேறு காய்ந்து அவர் கைகளில் வெடித்திருந்தது. என்ன சொன்னாலும் கூச்சல் போட்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் தயாராக வைத்திருந்தார். தலைவர் சாட்சியை அழைத்தார். லாண்டரிக்காரர் எழுந்ததும் கூட்டம் கைதட்டியது.

அவர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். எதிரி ஒழிவதற்கு நாலு வார்த்தை. அதற்காகப் பல நாள் தூங்காமல் புரண்டிருக்கிறார். வார்த்தைகள் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. விரிப்பைத் தூக்கிப் பிடித்த அந்த நர்ஸின் இரண்டு விரல்தான் குறுக்கே வந்தது.

"எனக்கு இவனைப் பிடிக்காது" என்றார். கைதட்டல் கூடியது. "இப்பவும் பிடிக்கல. செத்தாலும் பிடிக்காது. ஆனா தொட்டியில குறை இல்ல. மலையைக் கொளுத்தினது நான்."

கைதட்டிக்கொண்டிருந்த கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. நாற்காலி ஒன்று பறந்தது. வால்வுக்காரருக்காகக் கழற்றிய செருப்பு, முகவரி மாறி லாண்டரிக்காரருக்கு வந்து சேர்ந்தது. அவர் அதைத் தடுக்கவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கிய ஒருவர், "ஏன்யா பண்ணினே?" என்று கேட்டார்.

"தண்ணி வரும்னுதான். மரம்தான் குடிக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே. அதுக்கு மேல என்ன சொல்லிச்சுன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா? நானும் உங்க கூடத்தான் எழுந்து வந்தேன்."

யாருக்கும் தெரியவில்லை. சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது. வால்வுக்காரர் மட்டும் முதல் முறையாகச் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். மன்னிப்பு எதுவும் அந்தப் பார்வையில் இல்லை. "நாளைக்குக் காலைல மண்வெட்டியோட வந்துருங்க" என்றார். "நட்டு வெக்கிறேன்னு சொன்னேன். அதுக்கு முன்னாடி வார வேண்டிய சேறு நிறைய இருக்கு."

வழக்கு நடந்தது. சிலந்திகளோடு சேர்த்து மெஷின்களை விற்று லாண்டரிக்காரர் அபராதம் கட்டினார். தீர்ப்பில் சொன்னபடியும், சொல்லாமல் அதற்கு மேலும், தொட்டியில் சேறு வாரினார். மாமாவும் மைத்துனரும் ஒரே தொட்டியில் ஒரு வார்த்தை பேசாமல் வாரினார்கள். அவர்கள் பேசாமல் இருந்த சத்தம் பக்கத்துத் தெருவரை கேட்டது.

தொட்டிகள் தெளிந்த பிறகு அந்தப் பெண் பொறியாளரை மறுபடி அழைத்தார்கள். வரமாட்டார் என்று நினைத்தார்கள், வந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். இளங்காடு நிறையக் குடிப்பது உண்மை, ஆனால் அது என்றைக்கும் இளங்காடாகவே இருக்காது. முதிர முதிரக் குடிப்பது குறையும், ஓடை திரும்பும். அதற்குப் பல பத்து வருஷம் ஆகும். அதற்குள் இன்னொரு முறை எரித்தால், விதை போடும் வயசுக்கு வராத மரங்கள் வம்சமில்லாமல் போகும், மண் அணைக்கு வந்துவிடும், காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதுவரை இருக்கும் தண்ணீரைப் பங்கிட்டு, குறைத்துத்தான் வாழ வேண்டும். நீரூற்றை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

பல பத்து வருஷம் என்றதும் நடுவரிசையில் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். மண்டபத்தின் கதவு சாத்தியிருந்தது. அதன் மேல் சாய்ந்தபடி நாற்காலி போட்டு லாண்டரிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"வழி விடுய்யா. அதான் கேட்டாச்சே."

"உட்காருங்க" என்றார் அவர். "எரிஞ்ச காடு குடுத்த தண்ணி நம்ம புள்ளைங்களோட தண்ணி, முன்கூட்டியே ஓடி வந்துச்சு. அதை லாபம்னு நினைச்சோம். காடு வளர்ந்தாத்தான் அது திரும்ப வரும், வளர்ற வரைக்கும் வாயைக் கட்டிப் பொறுக்கணும். இதைத்தான் அந்தம்மா அன்னைக்கே சொல்லிச்சு, நான் பாதியில எழுந்து போயிட்டேன். பாதி கேட்டவன் சும்மா இருக்க மாட்டான்யா, போய்க் கொளுத்துவான். முழுசாக் கேக்காம இந்தக் கதவைத் தாண்ட ஒருத்தனையும் விட மாட்டேன்."